சேனை வைத்தவன்

அக்கா மகன் பேசாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று, அவளைக் கட்டிக்கொடுத்த பாம்பனில் பல வருஷம் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பதை எங்கள் பக்கம் சேனை வைப்பது என்பார்கள். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம். அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். அக்கா மாரியூரில் எங்கள் வீட்டில் தலைப்பிள்ளையைப் பெற்றபோது, நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு ஓயாமல் வாயடித்துக்கொண்டு திரிந்தேன். மாமன் வாய் பேரனுக்கு வரட்டும் என்று என்னை வைக்கச் சொன்னதே அக்காவின் மாமியார்தான். கருப்பட்டியைக் கரைத்து, தலைகால் புரியாத பெருமையோடு வைத்தேன்.

பையனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் பாலத்தில் ரயில் ஏறும் சத்தம் அவனுக்கு எங்கே இருந்தாலும் கேட்கும். கருவாடு காயும் மணலில் உட்கார்ந்து, சிப்பிகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்குவான். ஒன்றை யாராவது நகர்த்திவிட்டால் தெருவே கூடும்படி அழுவான்.

வசம்பு உரசி நாக்கில் தடவிப் பார்த்தார்கள். ராமேஸ்வரம் கூட்டிப்போய்த் தீர்த்தமாட வைத்தார்கள். கிரகணத்தன்று அக்கா வெளியே வந்தாளா என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அவள் வரவில்லை. கடைசியில் என்னை மாட்டிவிட்டது என்னைப் பெற்றவளேதான். இவனும் சின்னதில் புளியங்கொட்டையை இப்படித்தான் அடுக்குவான், ஆள் முகத்தைப் பார்க்கவே மாட்டான் என்று சம்பந்தியிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அத்தோடு விசாரணை முடிந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். அடுத்த பிள்ளை பாம்பனிலேயே பிறந்தபோது ஆசையாகப் போனேன். தீட்டு வீடு, பிறகு வாங்க தம்பி என்று மாமியார் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தால், உள்ளே பக்கத்து வீட்டுக்காரர் விரலை நீட்டிச் சேனை வைத்துக்கொண்டிருந்தார். தொழுநோய்க்காரனைப் போல உணர்ந்தேன். அதற்குப் பிறகு யார் வீட்டுப் பிள்ளையையும் நான் தூக்கவில்லை. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இந்தக் கதை எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

பையனுக்கு ஏழு வயது இருக்கும்போது, மதுரையில் சீமைக்குப் போய்ப் படித்து வந்த டாக்டர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். மச்சான் கடலுக்குப் போயிருந்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள்.

டாக்டர் பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்காவை அதைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: தாயிடம் பாசமும் அரவணைப்பும் கிடைக்காத பிள்ளைகள் இப்படித் தங்களுக்குள்ளேயே சுருங்கிவிடுகின்றன. அக்கா அப்போது முந்தானையால் மகன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது சுத்த அபத்தம் என்று பின்னால் வந்த டாக்டர்களே ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு அதுதான் பெரிய படிப்பு.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததோ நிம்மதி. அப்படியானால் நான் இல்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

திரும்பும் ரயில் மண்டபத்தைத் தாண்டியது. பையன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பாலத்துக்காகக் காத்திருந்தான்.

“நீ வச்ச தண்ணிதானாலே?” என்றாள் அக்கா.

இல்லை என்றேன். பிறகு எதனால் என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஆள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் தனக்குப் புரிந்துவிட்டது என்றாள். அழவில்லை.

“வீட்டுல அப்படியே சொல்லிரு. ஒம்மேல பழி இருந்தா நீ இங்கன வாரது நின்னு போகும். எம்மேல இருந்தா நான் எங்க போகப்போறேன்?”

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். டாக்டருக்கே காரணம் தெரியவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, என்னைத் தவிர. பாலத்தில் ரயில் ஊர்ந்து போன நேரம் முழுக்க யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வாசலிலேயே மாமியார் கேட்டார். டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். இங்கிலீஷில் கேட்டதைவிட அது கொடூரமாக இருந்தது. அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “உள்ள வாங்க தம்பி, ஒரு வா சாப்பிட்டுப் போங்க” என்று இலை போட்டார்.

எதிரே, பாசம் இல்லாத தாய் மீனில் முள் எடுத்து, சோற்றை உருட்டி மகனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் தலை நிமிராமல், இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.