மெட்டி விரல்

என் அத்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயசாகிவிட்டது, முழங்கால் வலியோடு தனியாகக் கிடக்கிறாள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று அம்மாவே சொல்கிறாள். சொல்லட்டும். அம்மாவின் பெருந்தன்மை எனக்கு வரவில்லை. அப்பா வழியில் அத்தையின் கோபம்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

நெல்லிக்குப்பத்தில் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கரும்புச்சாறு கடை. அப்பா கரும்பைச் சீவிக் கொடுப்பார், அம்மா மெஷினில் விடுவாள். எனக்கு எட்டு வயதான கோடையில், கூட்டம் நெருக்கியடித்த ஒரு மத்தியானத்தில், மடித்த கரும்புக்கு நடுவே இஞ்சித் துண்டைச் செருகித் தள்ளிய அம்மாவின் வலது கட்டைவிரலும் சேர்ந்து உருளைக்குள் போய்விட்டது. அப்பா மோட்டாரை அணைப்பதற்குள் விரல் சக்கையோடு சக்கையாகிவிட்டது. எடுத்து ஒட்டவைக்க அதில் எதுவும் மிச்சமில்லை.

கட்டைவிரல் போனால் மற்ற நான்கும் சும்மா தொங்குகிற விரல்கள்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மாவால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு சிட்டிகை உப்பு எடுக்க முடியவில்லை. ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிட வேண்டும். மாட்டும்போதெல்லாம் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், கை ஆபரேஷன் செய்கிற ஒரு பெண் டாக்டர் அம்மாவின் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கால்ல ரெண்டாவது விரல எடுத்து இங்க வெச்சிடலாம்மா. நடக்கிறதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். அப்பா விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"மெட்டி போடுற விரலா டாக்டர்?"

"ஆமாம்மா."

அம்மா தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, ஒத்தக் கால்ல போட்டுக்கிறேன்" என்றாள்.

காலையில் உள்ளே கொண்டுபோனவளை விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மயிர் கனத்துக்கு இருக்கிற ரத்தக் குழாய்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தைத்தார்களாம். கட்டுக்கு வெளியே விரல் நுனி மட்டும் தெரிந்தது, ரோஸ் நிறத்தில். "உசுரு வந்துடுச்சு. ஆனா தொட்டா தெரியுற உணர்ச்சி வர நாளாவும். ஒரு வருஷம்கூட ஆவலாம். வராமலும் போலாம்" என்றார் டாக்டர்.

விரல் சீக்கிரமே மடங்கி நிமிர்ந்தது. துணி கிளிப்பை அழுத்தி அழுத்திப் பழகச் சொல்லியிருந்தார்கள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். டம்ளரைப் பிடித்தாள், கோலம் போட்டாள், மறுபடி மெஷினில் கரும்பு விட்டாள். உணர்ச்சி மட்டும் வரவில்லை. ஒருநாள் அந்த விரல் தோசைக்கல்லில் ஒட்டிக்கொண்டு தீய்கிற வாடை வந்து, நான் அலறிய பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. "அப்பாகிட்ட சொல்லாத" என்றாள். அப்பா தினமும் கேட்பார். அம்மா தினமும் "தெரியுது, தெரியுது" என்று பொய் சொல்வாள். அதுவும் எனக்கு எரிச்சல்.

பெரிய எரிச்சல் வேறொன்று. நசுங்கிய விரலையே ஒட்டவைத்ததாக அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். உலகத்தில் வேறு எந்த அம்மாவுக்கும் இல்லாத ஒன்று என் அம்மாவுக்கு இருக்கிறது, அதை வெளியில் சொல்லக் கூடாதாம்! அம்மாவோ புடவையைத் தரை கூட்டுகிற மாதிரி தழையத் தழையக் கட்டிக்கொண்டு, நாலு விரல் பாதத்தை மறைத்தபடி நடந்தாள்.

விரல் வைத்து ஒரு வருடம் கழிந்த பிறகு, சித்தப்பாவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். அம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது சித்தப்பாவுக்குப் பத்து வயது, தாயில்லாத பிள்ளை. நான் பிறக்க ஆறு வருடமாயிற்று. அதுவரைக்கும் அவர்தான் அம்மாவுக்குப் பிள்ளை. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு முதல் நலங்கு அண்ணிதான் வைக்க வேண்டும். கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும். அதற்காக அம்மா ஒரு மாதமாகக் குங்குமத்தைச் சிட்டிகை பிடித்துப் பழகினாள். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தாள். சிந்தினால் திரும்ப எடுப்பாள்.

கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தில் அத்தை மகள் என்னிடம் பீற்றிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா கார் வாங்கப் போகிறாராம், அதில் ஏசி இருக்குமாம். பீற்றலுக்குப் பதில் பீற்றாமல் இருக்க நான் என்ன மகானா? "எங்கம்மா கையில கால் விரல் இருக்கு. உங்கம்மாவுக்கு இருக்கா?" என்றேன். அவள் பொய் என்றாள். இழுத்துக்கொண்டு போனேன். அம்மா பெண்களோடு உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் பாக்கு போட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று புடவை ஓரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

அத்தனை பேரும் பார்த்தார்கள். அம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். என்னைத் திட்டக்கூட இல்லை.

பத்து நிமிடத்தில் சித்தப்பா மணையில் உட்கார்ந்தாயிற்று. அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். அத்தை குறுக்கே வந்து நின்றாள். அப்பாவுக்கு அக்கா, அவள் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"ஏம்மா, உனக்கே நல்லாருக்கா? கால் விரலால மாப்ள மூஞ்சில சந்தனம் பூசுவியா? அதுவும் மெட்டி போட்ட விரலு! நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

உண்மையாகவே நாலு பேர் சிரித்தார்கள். அப்பா, "விடு, சபையில எதுக்கு" என்றார். அத்தையிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொன்னார். அம்மா கையால் சோறு தின்று வளர்ந்த சித்தப்பா, தன் வேட்டிக் கரையை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவர் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு ஆண்களையும் அன்று என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றும் முழுசாக மன்னித்தாயிற்று என்று சொல்லமாட்டேன்.

நான் கத்தினேன். "போன மாசம் எங்க கடைக்கு வந்து அதே கையால போட்ட ஜூஸ ரெண்டு கிளாஸ் குடிச்சீங்களே அத்த! அப்ப இனிச்சுதா?"

அத்தையின் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வயிறு குளிரும். ஆனால் அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு வந்து என்னைத் தரதரவென்று பின்பக்கம் இழுத்துப்போனாள். கை கழுவுகிற குழாயடியில் நிறுத்தி, என் காதைப் பிடித்துத் திருகினாள். அந்த வலது கையால்தான், அந்த விரலால்தான். துணி கிளிப்பில் பழகிய பிடி என்றால் சும்மாவா! உயிர் போயிற்று.

"காலத் தூக்கிக் காட்டி மானத்த வாங்குனது பத்தாதா? பெரியவங்கள எதுத்து வேற பேசுறியா?"

இன்னும் திட்டப் போகிறாள் என்று பார்த்தால், பாதியில் நின்றுவிட்டாள். காதை விட்டாள். மறுபடி பிடித்தாள், இந்தமுறை மெதுவாக. கட்டைவிரலால் என் காது மடலை மேலும் கீழுமாகத் தேய்த்தாள்.

"சூடா இருக்குடி" என்றாள்.

திருகுவதையும் திருகிவிட்டுக் காய்ச்சல் பார்க்கிறாளாம். எனக்கு வந்த கோபத்தில், "எனக்கொண்ணும் ஜுரம் இல்ல, விடு" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. குழாயைத் திறந்து விரலைத் தண்ணீரில் நீட்டினாள், மூடினாள், திறந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தை சந்தனத்தைத் தொடப் போகும் நேரம். "கொஞ்சம் தள்ளுங்க அண்ணி" என்றாள் அம்மா. உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் அத்தை தள்ளித்தான் நின்றாள். அம்மா அந்த விரலைச் சந்தனத்தில் தோய்த்துச் சித்தப்பாவின் கன்னத்தில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தாடைவரைக்கும் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒழுங்கா ஷேவ் பண்ணலியாடா? குத்துது" என்றாள்.

கூட்டம் சிரித்தது. சித்தப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், அவர் கண் கலங்கிவிட்டது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததற்கு அம்மா சபையிலேயே வாங்குவாங்கென்று வாங்கிவிட்டாள், நல்லா வேணும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா குங்குமத்தைச் சிட்டிகை பிடித்தாள். பார்க்காமலே பிடித்தாள். ஒரு பொட்டு சிந்தவில்லை.

அடுத்த மாதம் சென்னைக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் பஞ்சால் அம்மாவின் விரலைத் தொட்டார், குண்டூசியால் தொட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்னாள். "எப்பம்மா முதல்ல தெரிஞ்சிது?" என்று டாக்டர் கேட்டார்.

அம்மா என்னைக் கைகாட்டினாள். "இவ காதத் திருகுனேன் டாக்டர், அப்ப" என்றாள்.

டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து என் காதைத் தொட்டுப் பார்த்தார். கல்யாண வீட்டில் மானத்தை வாங்கிய கதையை அம்மா இத்தனை தூரம் வந்து கோள் மூட்டுகிறாள் என்று நினைத்து, நெல்லிக்குப்பம் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்வரை நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.