தேங்காய் எண்ணெய் பூசிய திரை

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

புதுக்குடியிருப்பில் கணினி வகுப்பு நடத்திய ஒரு மாஸ்டரிடம் ஜெனரேற்றர் இயக்கினேன். மெலிந்த மனிதர், கழுத்துவரை பொத்தான் பூட்டியிருப்பார். சவர்க்காரம் கிடைக்காத காலம். சட்டி பானை போலக் கணினித் திரையையும் சாம்பல் போட்டுத் துடைத்துவிட்டார். திரை முழுக்கக் கீறல். போர்க்காலம், வேறு திரை ஊருக்குள் கொண்டுவர அரசாங்கத் தடை. அதனால் தினமும் வகுப்புக்கு முன் கீறல் மறையத் தேங்காய் எண்ணெய் பூசுவார்.

“மாஸ்டர், எண்ணெயில புழுதி ஒட்டும். துடைக்கத் துடைக்கக் கீறல் கூடுமெல்லோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஓம், கூடும். அதுக்குள்ள இண்டையான் பாடத்தை முடிச்சிடுவன்.”

மாரி தொடங்குமுன்பே எழுத்துகள் தெரியாமல் போயின. பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். அதன் பிறகும் அவர் எண்ணெய் பூசிவிட்டு, “அண்ணை, மெசினைப் போடுங்கோ” என்பார். பிள்ளைகள் இருந்த வாங்குகள் வெறுமையாய்க் கிடக்க, நான் போடுவேன். யாருக்காக என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

2001 மார்கழி 3