மெஹர் பானு வைத்த பரீட்சை

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேற்குத் தாம்பரம் மெஹர் பானு 'வேலை செய்யாதவர், இல்லத்தரசி' என்று பதிவானார். எழுதிக்கொண்டு போனவர் வாசலில் கிடந்த பதினோரு ஜோடிச் செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தார். அத்தனையும் பி.எஸ்சி. கணித மாணவர்களுடையவை. விருந்தாளிகள் என்று நினைத்துக்கொண்டார் போலும்.

பானு பட்டம் வாங்கியது தபால் வழியில். அவரிடம் படிக்க வந்தவர்களோ தன்னாட்சிக் கல்லூரி, அரசுக் கல்லூரி, தபால் வழி என்று மூன்று ரகம். எங்கே படிப்பு கஷ்டம் என்ற சண்டை தினமும் நடக்கும். பானு அதில் தலையிட்டதே இல்லை, கனகவல்லி விஷயம் வரும்வரை.

கனகவல்லி தபால் வழி மாணவி. இயற்கணிதத்தில் இரண்டு முறை தோற்றிருந்தாள். மூன்றாம் முறைக்கான விண்ணப்பத்தை அவள் அண்ணன் ஜெயவேலு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சனிக்கிழமை கடைசி நாள். ஜெயவேலு தன்னாட்சிக் கல்லூரியில் அதே கணிதத்தில் முதல் வகுப்பு. அதைச் சொல்லத்தான் வியாழக்கிழமை பானு வீட்டுக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. தபால் படிப்புன்றதே ஈஸி. அதுலயே ரெண்டு வாட்டி கோட்டு அடிச்சவளுக்கு இன்னாத்துக்கு டிகிரி?"

"வாஸ்தவம் தம்பி. ஈஸிதானே, நீங்க ஒருக்கா எழுதிக் காட்டுங்களேன். மூணு மணி நேரந்தான்."

பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் முதல் வகுப்புக்காரர் எப்படி மறுப்பது? கனகவல்லி தோற்ற வினாத்தாளையே பானு நீட்டினார். ஜெயவேலு அதை முன்னும் பின்னும் புரட்டினார்.

"யாரு செட் பண்ணது?"

"தெரியாது. திருத்தறது யாருன்னும் தெரியாது."

"சார் யாருன்னே தெரியாம எதைக்கா படிக்கிறது? எங்க சார் ரெண்டாவது யூனிட்டைத் தொடவே மாட்டார்."

"இவங்க தொடுவாங்க. எழுதுங்க."

"ஜெயவேலு சாருக்கு இன்டர்னல் மார்க் உண்டாக்கா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். பானு ஒரு பார்வை பார்த்தார், அடங்கினான்.

பானு திருத்தினார். ஜெயவேலுவுக்கு முப்பத்தொன்று. தேற நாற்பது வேண்டும். படிப்பை விட்டு ஐந்து வருடம் ஆனவருக்கு அது மோசமில்லை என்று பானுவே சொன்னார், மற்றவர்கள் போன பிறகு, தாளை மடித்துக் கொடுத்துக்கொண்டே. ஜெயித்த பானு அத்தோடு விட்டிருக்கலாம். அவரோ ஜெயவேலுவின் கல்லூரிப் பழைய வினாத்தாள் ஒன்றைத் தேடி எடுத்தார்.

"கேள்வின்னு பார்த்தா உங்க காலேஜ்தான் கஷ்டம், தம்பி. இதுல ரெண்டு கணக்கு என்னை ஒரு வாரம் தூங்க விடல. ஆனா உங்களுக்கு நடத்தினவரே கேட்டாரு, அவரே திருத்தினாரு. கனகவல்லிக்குப் பாடம் கொண்டாந்தது போஸ்ட்மேன்."

வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பம் பீரோவிலிருந்து வெளியே வந்தது.

பரீட்சை வரை எழுபது நாள், காலை ஐந்தரை மணிக்கு, மெஹர் பானு கனகவல்லிக்கு இயற்கணிதத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்தித் தேற வைத்தார்.