மாமியார் விருந்தில் ஜிபார் சாப்பிட்டது

ஜிபாரைப் பற்றிச் சொல்லும்போது அவள் மாமியாரைத் திட்டாமல் இருக்க எனக்குத் தெரியாது. பிஷ்கெக் சந்தையில் ஜிபார் திரைச்சீலை விற்கிறாள், பக்கத்துக் கடையில் நான் செருப்பு விற்கிறேன். நல்லவள்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். பேரம் பேசுகிறவள் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் துணியைச் சுருட்டி அவள் முகத்திலேயே எறிவாள். எறிந்த பிறகுதான் யோசிப்பாள்.

சாப்பாட்டிலும் அதே அவசரம். கணவன் மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். வீட்டில் மாமியார் சாய்ராகுல் ஜிபாரின் இடுப்பைப் பார்த்துப் பார்த்துக் குத்திக்காட்டுவாள். அதனால் ஜிபார் பகலெல்லாம் பட்டினி கிடப்பாள். அடுக்களையில் தனியாக அகப்பட்டால் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளித் தின்பாள், பிறகு தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுப்பாள். வருஷக்கணக்கில் இப்படி. ஒருநாள் கடையிலேயே மயங்கி விழுந்தாள். வாந்தியால் உடம்பில் சத்து வடிந்து இதயம் தடுமாறுகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

இரண்டு முறை சிகிச்சைக்குப் போனாள், இரண்டு முறையும் பாதியில் ஓடி வந்தாள். முதல் முறை, தின்பண்டம் ஒளித்திருக்கிறாளா என்று பையைச் சோதித்த நர்ஸோடு சண்டை. அடுத்த முறை, எல்லோர் முன்னாலும் சூப்பைக் குடிக்கச் சொன்னார்கள் என்று கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள். சாய்ராகுல் அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். பாவி!

மூன்றாம் முறை துணைக்கு நானும் போனேன். டாக்டர் வேரா ஒளிக்காமல் பேசினார்.

"சாப்பாடு பாதி வியாதிதான். தோணின உடனே செஞ்சு முடிச்சிடறீங்களே, அது மீதிப் பாதி. உங்களை மாதிரி ஆளுங்கதான் நடுவுல விட்டுட்டுப் போயிடறாங்க. இன்னொரு தடவை ஓடினா இங்க இடம் கிடையாது. உங்க இதயமும் தாங்காது. வேகம் வந்தா எதுவும் செய்யாம அப்படியே உட்காருங்க. தானா இறங்கும்."

வெளியே வந்ததும் ஜிபார் பல்லைக் கடித்தாள். "குணமாகறேனோ இல்லையோ, அந்தக் கிழவி மூஞ்சியில கரி பூசறதுக்காகவாவது இந்தத் தடவை ஓட மாட்டேன்க்கா."

"அது போதும்டி, அதையே பிடிச்சுக்கோ" என்றேன்.

காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பும் சிகிச்சை அது. பாதியில் இருக்கும்போது சாய்ராகுலின் அறுபதாம் பிறந்தநாள் விருந்து வந்தது. நானும் போயிருந்தேன். தரையில் போட்ட சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி உறவுக்காரர்கள், அவரவர் வயசுக்கும் மரியாதைக்கும் தக்க எலும்போடு கூடிய இறைச்சித் துண்டுகள். கதவோரம் வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஜிபார்.

"மருமகளுக்கு ரெண்டு பங்கு எடுத்து வைங்கடி!" என்று கத்தினாள் சாய்ராகுல். "ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு பாத்ரூமுக்கு!"

வீடே சிரித்தது. ஜிபாரின் கை கொதிக்கும் கெட்டிலின் பிடியை இறுக்கியது. கெட்டில் பறக்கப்போகிறது, இவளும் ஓடப்போகிறாள், சிகிச்சையும் அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். அதைப் பிடுங்கி நானே அந்தக் கிழவி மடியில் ஊற்றலாமா என்றுகூட இருந்தது. ஜிபார் அசையவில்லை. முகம் கழுத்து வரை சிவந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சிவப்பு வடிந்தது.

பிறகு நிதானமாக ஊற்ற ஆரம்பித்தாள். எங்களில் கிண்ணத்தைப் பாதிதான் நிரப்புவோம், திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கட்டும் என்ற மரியாதை அது. விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். எல்லோருக்கும் பாதி ஊற்றினாள். மாமியாருக்கு மட்டும் விளிம்பு வரை.

சிரிப்பு நின்றது. "என் வீட்டுலயே எனக்காடி?" என்றாள் சாய்ராகுல்.

"குடிங்க அத்தை, ஆறிடும்."

விருந்தாளிகள் எழும்வரை மருமகள் உட்காரக் கூடாது என்பது வழக்கம். ஜிபார் தட்டை எடுத்துக்கொண்டு போய் மாமியாருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். இறைச்சி, நூடுல்ஸ், ஒரு துண்டு ரொட்டி. மென்று தின்றாள், போதும் என்றதும் நிறுத்தினாள், கையைத் துடைத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. நான் நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். சாய்ராகுலின் கண் பாத்ரூம் கதவை விட்டு நகரவே இல்லை.

மற்ற விருந்தாளிகள் போய்விட்டார்கள். ஜிபார் அங்கேயே இருந்தாள். கடைசியில் கிழவிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் பாத்ரூமுக்குப் போகலையா நீ?"

"நாளைக்குக் காலையில சிகிச்சைக்குப் போவேன் அத்தை. சாயங்காலம் திரும்பி வந்து, இதே இடத்துல உட்கார்ந்து சாப்பிடுவேன். நீங்க இருக்கிற வரைக்கும் தினம் சாப்பிடுவேன். பார்த்துக்கிட்டே இருங்க."