நைலக்ஸ் சேலையும் எவர்சில்வர் சருவமும்

எங்கள் வீட்டு அடுக்களையில் தண்ணீர் பிடித்து வைக்கும் எவர்சில்வர் சருவம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தெருவில் தூக்கி வீசிவிடலாமா என்று எனக்குக் கை துறுதுறுக்கும். அம்மாவின் சேலைகளைப் போட்டு வாங்கிய சருவம் அது.

அம்மாவை அடக்கம் பண்ணிய அதே வாரம். துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனால் பீரோ வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. சேலை, பாவாடை, ஜாக்கெட், ஒன்றுகூட இல்லை. அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டோடு வந்து இருபது வருஷமாக எங்களை ஆண்டுகொண்டிருக்கும் அத்தை, பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவனைத் தெருவில் கூப்பிட்டு மூட்டையாகக் கட்டிக் கொடுத்திருந்தாள்.

“செத்தவ துணிய வீட்டுல வச்சிருந்தா வெளங்குமா? நல்ல கனமான சருவமாத் தந்திருக்கான், பாரு” என்றாள்.

சகுனம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கத்தில் கேட்டு ஞாயிறுதோறும் ஆமென் சொல்கிற குடும்பம் எங்களுடையது. பூனை குறுக்கே போனால் சிரிப்போம். ராகுகாலத்தில் காரை எடுப்போம். ஆனால் செத்தவர்கள் துணி என்று வந்துவிட்டால் வேதம், விசுவாசம் எல்லாம் மூட்டைக்குள் போய்விடும். இதில் அம்மாவின் நகைகளில் மட்டும் தீட்டு ஒட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை இருந்த பெட்டியின் சாவி பத்திரமாக அத்தையின் இடுப்பில் இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அதை எழுதத் தொடங்கினால் இது முடியாது.

எனக்குப் பழைய துணிப் பைத்தியம் என்று எல்லோருக்கும் தெரியும். துறைமுகம் போகும் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மற்றவர்கள் பிரியாணிக் கடைக்குப் போகும்போது, நான் தார்ப்பாயில் பழைய துணியைக் குவித்து விற்கும் அண்ணாச்சியிடம் போய்க் குந்திவிடுவேன். குவியலின் மேலே கிடப்பதைத் தொடவே மாட்டேன். அடியில் கையை விட்டு, விரலுக்கு வழவழப்பாகவோ கனமாகவோ தட்டுப்படுவதை இழுப்பேன். அக்குள் கிழிந்திருக்கிறதா, காலர் நைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். வெயிலுக்கு நேரே பிடித்தால் இழை விட்ட இடம் தெரிந்துவிடும். நாய்க்காது காலர் வைத்த ஆண்கள் சட்டை ஒன்று அப்படிக் கிடைத்தது. பட்டன் போடாமல் வெள்ளை டாப்ஸுக்கு மேலே மாட்டி, கையை முழங்கை வரை மடித்துவிட்டால் கோட்டு மாதிரி நிற்கும். நைந்த சேலையாக இருந்தால் நல்ல பகுதியை வெட்டிக் குர்தி, மிஞ்சியதில் துப்பட்டா.

ஆபீசில் சின்னப் பெண்கள், “செமையா இருக்குக்கா, ஆன்லைன்லயா எடுத்தீங்க?” என்பார்கள். வீட்டில் அத்தை, “எவ உடுத்திக் கழிச்சதோ, அதுல இவ கோலம் கெட்டுத் திரியுதா” என்பாள்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். நான் வெட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிசிறு நூலைக் கத்தரிப்பாள். ஒருநாள் என் குர்தியின் பக்கவாட்டுப் பிளவை விரலால் நீவிக்கொண்டே, “இது நடக்கதுக்கு வசதியா இருக்குமோ?” என்று கேட்டாள். அவளுக்கு முழங்கால் வலி. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். பீச் ரோட்டில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவள் ஒருமுறை கொசுவம் தடுக்கி விழப் பார்த்தாள்.

நான் பதில் சொல்வதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சர் சுடிதாரில் வாக்கிங் போவதைக் காட்டி, “பேரன் எடுத்த பொறவு கெழவிக்கு சுடிதார் கேக்கு, பாத்தியா” என்றாள். வீட்டுக்குள் நாள் முழுக்க நைட்டியும் அதன்மேல் துண்டுமாக இருப்பது அத்தைக்கு மரியாதை. வாசலைத் தாண்டிக் கால் சட்டை போட்டால் மானம் போய்விடும். அம்மா சிரித்துவிட்டு எழுந்து போனாள்.

அம்மாவிடம் ஒரு நைலக்ஸ் சேலை இருந்தது. கருநீலத்தில் பொடிப்பொடியாக மஞ்சள் பூ. கல்யாணத்துக்கு முன் நாசரேத்துப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது கட்டியது. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். “பொறுளா, அதுக்கு ஒரு வேலை இருக்கு” என்றே தட்டிக்கழித்தாள். மூட்டையோடு அதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பல ஞாயிறுகள் அண்ணாச்சியின் குவியலில் கருநீலம் தெரிந்தாலே பாய்ந்து இழுத்தேன். “பாத்திரக்காரன் எடுத்தது எந்த ஊர்ச் சந்தைக்குப் போச்சோ, அதப் போயி இங்கன தேடுதியளே” என்று அவரே பரிதாபப்பட்டார்.

பிறகு ஒருநாள் எங்கள் தையல்காரர் போன் பண்ணினார். அம்மா தைக்கக் கொடுத்த துணி கடையில் கிடக்கிறது என்று துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் பொறுத்தாராம். போனேன். கவரிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தார். கருநீலம், மஞ்சள் பூ. முழங்காலுக்குக் கீழே இறங்கும் குர்தி, அதற்குத் தோதாகக் கறுப்புக் கால் சட்டை.

எனக்காகத்தான் ரகசியமாகத் தைக்கக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். தோளில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தொங்கியது.

“அளவு தப்பாயிட்டே, அண்ணாச்சி.”

“தப்பெல்லாம் இல்ல. இது அம்மாவுக்கு. அவியளே வந்து நின்னு அளவு குடுத்தாவ. நடக்கப் போகும்போது போடணும், ரெண்டு பக்கமும் பை வைங்கன்னு சொன்னாவ. வீட்டுல யாருக்கும் தெரிய வேண்டாம்னாவ. ஒங்களுக்குந்தான். நீங்க போட்டோ எடுத்து ஊருக்கே காட்டிருவியளாம்.”

அந்தக் கடையில் நின்று அழுதேன். துக்கத்தில் மட்டும் அல்ல. சொந்தச் சேலையைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாளே என்ற ஆத்திரத்தில்.

மறுநாள் காலை அதை அப்படியே, ஒரு தையல்கூடப் பிடிக்காமல் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

“யாருக்கு அளவெடுத்ததுளா இது? தொளதொளன்னு கெடக்கு” என்றாள் அத்தை.

“எங்க அம்மைக்கு. அவளே போய்க் குடுத்த அளவு. அவ நைலக்ஸ் சேலைதான் இது.”

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பூவை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, “போட்டிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றாள்.

கேட்டிருக்கலாமாம். அறுபத்து நான்கு வயதில் என் அம்மா, தன் சேலையைத் தான் உடுத்திக்கொள்ள, இவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமாம்.