டாக்டர் ஹரிகிருஷ்ணன் கண்டுபிடித்த தூசி

எங்கள் டாக்டர் ஹரிகிருஷ்ணன் ராஜபாளையத்து மில் முதலாளி வீட்டுப் பிள்ளை. வளிமண்டல விஞ்ஞானி. புவி அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே இன்று தலைவர். அடேயப்பா! அந்த நாற்காலியில் அவர் ஏறிய கதையை, அவருக்குக் கீழே ஒன்பது வருடம் ஒப்பந்த டெக்னீஷியனாகக் குப்பை கொட்டிய எட்வின் நான் சொல்லாமல் வேறு எவன் சொல்வான்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் தாண்டி எங்கள் ஆய்வு நிலையம். மாடியில் ஒரு கருவி, பகல் முழுக்கச் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும். வெயில் எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்துக் காற்றில் எவ்வளவு தூசி என்று கணக்குச் சொல்லும். அதன் கண்ணாடியைத் தினமும் துடைப்பது மாரிச்செல்வியின் வேலை. சேத்தூரிலிருந்து பஸ் ஏறி வரும் தினக்கூலிப் பெண். புருஷன் இல்லை; இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வேலைதான் சோறு.

ஆயுத பூஜை வந்தது. அப்பா மில்லில் மெஷினுக்கு மெஷின் பொட்டு வைத்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? மாடியேறி, அந்தக் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். நான் வேதக்காரன், ஓரமாக நின்றேன். மறுநாள் என் முன்னால்தான் மாரிச்செல்வி அவரிடம் கேட்டாள்.

“சார், கண்ணாடியில சந்தனம் அப்பிக் கெடக்கு. தொடச்சிரட்டுமா?”

“சாமிக்கு வச்ச பொட்ட அழிச்சா வெளங்குமாம்மா? தானா உதிரட்டும்.”

கருவிக்குக் கண் மறைத்தது. கணக்கில் தூசி எகிறியது. டாக்டர் துள்ளிக் குதித்தார். மலையடிவாரத்தில் புதுத் தூசிப்படலம் என்று கட்டுரை எழுதினார். ஐப்பசி மழை சந்தனத்தைக் கழுவியதும் தூசி குறைந்தது. மழை காற்றைக் கழுவும் விதம் என்று அதற்கும் ஒரு கட்டுரை! எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த வருடமும் அதே பூஜை, அதே சந்தனம். “அது தூசி இல்ல சார், நம்ம சந்தனந்தான்” என்றாள் மாரிச்செல்வி.

“நீ எம்புட்டு படிச்சிருக்க?” என்று கேட்டார் டாக்டர்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இது மூன்று ஆயுத பூஜை தாண்டி ஓடியது. விருது, மாலை, ராஜபாளையம் முழுக்க ஃப்ளெக்ஸ். கடைசியில் செயற்கைக்கோள் படத்தில் அப்படியொரு தூசியே இல்லை என்று யாரோ எழுதிப் போட, இரண்டு பேர் விசாரணைக்கு வந்தார்கள். தலைவர் பதவிக்கு டாக்டரின் பெயர் போயிருந்த நேரம். என்ன செய்தார் மகா விஞ்ஞானி? ‘தினக்கூலி ஊழியர் மாரிச்செல்வி கண்ணாடியைத் துடைக்கத் தவறியதால்’ என்று டைப் அடித்து நீட்டினார். தூ!

விசாரணையில் அவள் அழவில்லை. “நான் கேட்டதுக்கு எட்வின் அண்ணன் சாட்சி. அவியகிட்ட கேளுங்க” என்றாள்.

எனக்கு வேலை நிரந்தரமாகும் உத்தரவு டாக்டரின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

“எனக்கு ஞாபகம் இல்ல சார்” என்றேன். டாக்டர் நீட்டிய காகிதத்தில் சாட்சிக் கையெழுத்தும் போட்டேன்.

அன்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள். கேட்டில் நின்று செருப்பை மாட்டியபடி என்னைப் பார்த்தாள்.

“அவரு பெரிய மனுசரு, புளுகுவாரு. ஒனக்கு என்னண்ணே வந்துச்சு?”

அடுத்த மாதம் எனக்கு நிரந்தரம் வந்தது.