ஒரே பக்கத்தில் இரண்டு கண்

என் மூத்த மகள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது நான் மியூசியத்துக்குப் போனேன். எண்பதுகளின் தொடக்கம் அது. வளைகாப்பு முடிந்து, குருசுக்குப்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி கண்ட இடத்துக்குப் போகக்கூடாது, கண்டதைப் பார்க்கக்கூடாது என்று தெருவே எனக்குக் காவல் இருந்தது. எதிர்வீட்டில் உதடு பிளந்து ஒரு பிள்ளை பிறந்திருந்தது. கிரகணத்தன்று அதன் தாய் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்றார்கள். இன்று யாராவது என் எதிரில் அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவேன். அன்று நானும்தான் நம்பினேன்.

என் கணவர் போர்டு எழுதுகிறவர். கடைப் பெயர், சுவர் விளம்பரம், தேர்தல் சின்னம், எது வந்தாலும் எழுதுவார். நாடகக் குழுக்களுக்குப் படுதாவும் வரைந்து கொடுப்பார். அரண்மனை, நந்தவனம், ஜெயில் என்று மேடைக்குப் பின்னால் தொங்குகிற அந்தத் துணிகளில்தான் அவர் உயிரே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"பிரான்சுலேர்ந்து ஒரு எக்சிபிஷன் வந்துருக்குது. ஒலகத்துலியே பெரிய பெயிண்டராம். அவரும் நாடகத்துக்குப் படுதா வரைஞ்சிருக்காராம். நம்ம தொழில்காரரு! கெளம்பு."

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று அம்மாவிடம் புளுகிவிட்டு ரிக்ஷாவில் ஏறினோம்.

உள்ளே ஒரே அமைதி. கையை அசைத்தால் போதும், வளையல் சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். முதல் அறையில் அந்தப் பெயிண்டர் வரைந்த படுதாக்களின் படங்கள், சுவர் உயரத்துக்கு. பக்கத்தில் அட்டையில் செய்த குட்டிக் குட்டி மேடைகள். எனக்கே பிடித்திருந்தது. என் கணவர் காற்றில் சாண் போட்டு அளந்தார், குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "ஆகாசத்துக்குப் பச்ச அடிச்சிருக்காரு பாரு. நான் அடிச்சா துட்டு குடுப்பானுவளா?" என்று சிரித்தார்.

இரண்டாவது அறையில்தான் மாட்டிக்கொண்டேன். நடிகர்கள் போட்டுக்கொள்ளும் முகமூடிகள், ஆள் உயரத்தில், கயிற்றில் தொங்கின. ஒன்றுக்கு வாய் கன்னத்தில் இருந்தது. ஒன்றுக்கு மூக்கே இல்லை. அவற்றுக்கு நடுவில் ஒரு பெண்ணின் படம். இரண்டு கண்ணும் மூக்குக்கு ஒரே பக்கத்தில். மறுபக்கம் வெறும் கன்னம், சுவர் மாதிரி. அந்த இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன.

முந்தானையை இழுத்து வயிற்றை மூடினேன். பிள்ளைதான் பார்க்கிறது, மூடினால் தெரியாது என்கிற மாதிரி! என் கண்ணை அல்லவா மூடியிருக்க வேண்டும்? முடியவில்லை. பார்க்காதே பார்க்காதே என்று மனசு கதறுகிறது, கண் அங்கேயே நிற்கிறது. கடைசியில் இறுக மூடினேன். மூடின கண்ணுக்குள்ளும் அவள் நின்றாள்.

மூலையில் ஸ்டூல் போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்று காவலுக்கு வைத்திருந்தார்கள். அவரிடம் போனேன்.

"ஐயா, இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

அவர் எழுந்து, படத்துக்குக் கீழே இருந்த அட்டையைப் படித்தார். "அவரு சம்சாரமாம்மா."

பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாதபடி பெண்டாட்டியை வரைந்து வைத்திருக்கிறான், பாவி. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அந்தம்மாவுக்குப் புள்ளைங்க எப்டிப் பொறந்துச்சாம்?"

பெரியவர் என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை அட்டையைப் படித்தார். "அதெல்லாம் இதுல போடலியேம்மா" என்றார்.

என் கணவர் கூரை அதிரச் சிரித்தார். "ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருந்தா மை வெக்கறது சுலபம்டி" என்றார். பெரியவர் உதட்டில் விரல் வைத்து அடக்கினார். எனக்கு அங்கேயே என் கணவரை அறையலாம் போல இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். காலையிலிருந்து உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை அசையவே இல்லை. வயிறு கல்லாகிக் கிடந்தது. வெளியே வந்தேன். கடற்கரைச் சாலை வரைக்கும் நடந்தேன். அசைவில்லை. பின்னாலேயே வந்த கணவர் பெட்டிக்கடையில் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்ததும் விலாவில் ஒரு உதை விழுந்தது. அத்தனை பேர் நடமாடுகிற இடத்தில் நின்று அழுதேன். உயிர் இருக்கிறது, சரி. முகம்?

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவிடம் சொல்ல வழியில்லை. பார்த்த முகத்தை அழிக்க நல்ல முகமாகப் பார்க்க வேண்டும் என்று, கொழுகொழுவென்று குழந்தைப் படம் போட்ட காலண்டரைக் கட்டிலுக்கு எதிரில் மாட்டினேன். பொழுதுக்கும் அதையே முறைத்துக்கொண்டிருப்பேன். சில நாள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தக் குழந்தையின் ஒரு கண் மெதுவாக மறுபக்கம் நகரும். அலறிக்கொண்டு எழுந்து உட்காருவேன். என் கணவர் வரும்போதெல்லாம் மை ஜோக்கைச் சொல்லுவார். ஒரு தடவை சோற்றுத் தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

விடியற்காலையில் வலி எடுத்து, எட்டு மணிக்குப் பிறந்தாள். அழுகை கேட்டது. நர்சம்மா துணியில் சுற்றி என் பக்கத்தில் கொண்டுவந்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை.

"பொண்ணும்மா. பாரு."

"கண்ணு எந்தப் பக்கம் இருக்குது?"

"எல்லாருக்கும் இருக்கற பக்கம்தான் இருக்குது. இன்னா கேள்வி இது?"

நம்பாமல் விரலால் தடவினேன். இங்கே ஒரு கண். நடுவில் துளியூண்டு மூக்கு. அந்தப் பக்கம் ஒரு கண். பிறகுதான் பார்த்தேன். இவ்வளவு அழகை நான் அதுவரை கண்டதில்லை, பெற்றவள் சொல்கிறாள் என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

என் கணவருக்குக் குழந்தையைக் காட்டினார்களாம். ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாராம். அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெண் பிறந்த வருத்தமோ என்று எனக்கும் சுருக்கென்றது. சாயந்தரம் அம்மா காப்பி வாங்கப் போயிருந்தபோது வந்தார். மொட்டைத் தலை. அதில் சந்தனம். நெற்றியில் விழும் சுருளுக்காகக் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கிற மனுஷன். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

"எங்க போனீங்க?"

"மயிலம். முருகனுக்கு வேண்டிக்கினு இருந்தேன்."

"எப்போ?"

குழந்தையின் புருவத்தை ஒரு விரலால் தொட்டார், பிறகு மறு புருவத்தை.

"மியூசியத்துலியே. அந்தப் பெரியவர்கிட்ட புள்ளைங்களப் பத்திக் கேட்ட பாரு, அப்பவே."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு மாதம்! "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"சொன்னா நீ பயந்துடுவியேன்னுதான்" என்றார்.